கசிந்த அணையும் கசியக் கூடாதென்ற மன்னனும்

ஆறு அடங்காமல் ஓடிய காலத்தில், அதை அடக்கியே தீருவேன் என்று ஒரு மன்னன் இருந்தான், கேளுங்கள். அவன் பெயர் ஆதிரையன். இரண்டு மலைக்கு நடுவே அணை கட்டி, ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் தண்ணீரை நிறுத்துவேன் என்று சபையில் சபதம் போட்டுவிட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அணையில் கடைசியாகக் கைவைத்தவர் எவரோ, அவர் முதல் மழைக்காலம் முடியும்வரை அணையடிக் குடிசையில் குடியிருக்க வேண்டும். அணை உடைந்தால் முதலில் போவது அவர்தான். நல்ல வழக்கம், போங்கள்!

அணை கட்ட முதலில் வந்தவன் வெறும் கல்லால் கட்டினான். கல் அசையவில்லை, தண்ணீர் சல்லடையில் ஊற்றியது போல் ஓடிப்போயிற்று. இரண்டாவது வந்தவன் வெறும் களிமண்ணால் கட்டினான். தண்ணீர் நின்றது, களிமண் ஊறிச் சரிந்தது. அணையும் குடிசையும் அவனும் ஆற்றோடு போனார்கள், பாவம். மூன்றாவதாக வெண்ணி வந்தாள்.

வெண்ணிக்கு எதையும் ஏன் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. கல்லை உருட்டி, "நீ எதற்கு?" என்றாள். அது கனத்துக் கிடந்தது. களிமண்ணைப் பிசைந்து கேட்டாள். அது தண்ணீரை மறித்தது. மணலை அள்ளிக் கேட்டாள். அது தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டது. "அப்படியானால் மூவரும் வாருங்கள்" என்றாள்.

நடுவே களிமண் சுவர். கணுக்கால் உயரம் கொட்டி, எருமைகளை நடக்கவிட்டு இறுக்கி, அதன்மேல் மறுபடியும் கொட்டினாள். சுவரை ஒட்டி மணல், அதற்கு வெளியே சரளை மண். அலை மோதும் பக்கமும் அணையின் அடியும் கல். மிஞ்சிய வெள்ளம் வழிந்தோட ஓரத்துப் பாறையில் ஒரு கலிங்கு. பிறகு கணவனும் கைக்குழந்தையுமாகக் குடிசைக்குக் குடிவந்தாள்.

மழை பெய்தது, நீர் உயர்ந்தது. அடிக்கற்களின் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. பார்க்க வந்த மன்னனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கசிகிறதே! அடை!"

வெண்ணி, குழந்தைக்குப் பால் புகட்டும் வெண்சங்கில் அந்த நீரைப் பிடித்துக் காட்டினாள். "பாருங்கள் மன்னா, தெளிந்திருக்கிறது. மண்ணைத் திருடாமல் வருகிற தண்ணீர். அது போகத்தான் இங்கே கல் வைத்தேன். கலங்கி வந்தால்தான் பயம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் சங்கைக் காட்டி என்ன பயன்? "நீ அடைக்காவிட்டால் நானே அடைக்கிறேன்" என்றான்.

"அடையுங்கள். ஆனால் கடைசியாகக் கைவைத்தவர் குடிசையில் இருக்க வேண்டுமே, மன்னா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னன் களிமண்ணை அள்ளி இடுக்குகளில் அப்பினான், ஆட்களும் அப்பினார்கள். கசிவு நின்றது. மீசையை முறுக்கியபடி குடிசைக்குள் போனான். வெண்ணி குழந்தையைக் கணவனோடு மேட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தான் கட்டியதை விட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் குடிசைப் பக்கத்து அணைச் சரிவில் ஈரம் படர்ந்தது. மறுநாள் அதில் ஏறிய மன்னனின் கால் புதைந்தது. அதற்கடுத்த நாள் சரிவின் நடுவிலிருந்தே தண்ணீர் கீற்றாக வந்தது. மன்னன் ஓடிப்போய்ச் சங்கில் பிடித்தான். செம்மண் நிறம்.

"வெண்ணி, இது ஏன் கலங்கியது?" என்றான். அவன் வாழ்நாளில் கேட்ட முதல் 'ஏன்' அதுதான்.

"வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளேயே ஊறி மண்ணைக் கரைக்கிறது, மன்னா."

மன்னன் மண்டியிட்டு, தான் அப்பிய களிமண்ணை நகத்தாலேயே பெயர்த்தான். வெண்ணியும் பெயர்த்தாள். தண்ணீர் முதலில் கலங்கிக் கொட்டியது, போகப்போகத் தெளிந்தது. சரிவும் மெல்ல இறுகியது.

"கடைசியாகக் கைவைத்தது இப்போது நாம் இருவரும்" என்று வெண்ணி சிரித்தாள்.

மன்னன் வாக்கு மாறவில்லை. பக்கத்தில் இன்னொரு குடிசை போட்டுக்கொண்டு, மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இருந்தான். தினமும் விடிந்ததும் சங்கில் நீர் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாய் கொப்பளிப்பான்.

ஆகவே கேட்டவர்களே, ஒரு வழியை அடைக்கும் முன் அது எதற்காகத் திறந்திருக்கிறது என்று கேட்டறிய வேண்டும்.