வேலை போக ஆசைப்பட்ட நரி

மூங்கிலாற்றின் வடகரைக் காட்டைப் புலி ஒன்று ஆண்டு வந்தது. அதனிடம் விசுவரூபன் என்ற நரி ஒற்றனாக இருந்தது. மான் கூட்டம் எங்கே மேய்கிறது என்று மோப்பம் பிடித்து வந்து சொல்வது அதன் வேலை. பெயர்தான் பெரிது, ஆள் எலும்பும் தோலும்.

புலிக்கு வயதாயிற்று. ஓடிப் பிடிக்க முடியவில்லை. குளக்கரைப் புதரில் படுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க வருவதைப் பிடித்துத் தின்றது.

"விசுவரூபா, இனி ஒற்றனுக்கு வேலை இல்லையப்பா. நம் காட்டு வழக்கப்படி ஒரு மான் தொடை தருகிறேன். வாங்கிக்கொண்டு போய் வா!" என்றது.

நரிக்கோ முழங்கால் வலி. தானாக வேட்டையாடிப் பிழைக்க முடியாது. ஒரு தொடையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கவலையோடு ஆற்றங்கரைக்கு வந்தது. இரு கரைக்கும் பறந்து வம்பு சேகரிக்கும் மைனா அங்கே உட்கார்ந்திருந்தது.

"மைனா அக்கா, தென்கரையில் வேலை போனால் என்ன தருவார்கள்?"

"அங்கே சிங்கராஜா ஆட்சியாயிற்றே! வேலையே ஒழிந்துபோனால், சாகும்வரை சாப்பாடு! குகை வாசலுக்கே இறைச்சி வரும்!"

நரி அதற்குமேல் கேட்கவில்லை. நேரே புலியிடம் போய், "உங்கள் தொடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டு ஆற்றில் குதித்தது. புலி மனம் வருந்தவில்லை. தொடையைத் தின்றது.

தென்கரையில் நரிக்குக் கட்டியக்காரன் வேலை கிடைத்தது. சிங்கத்துக்கு முன்னால் நடந்து, "ராஜா வருகிறார், பராக்!" என்று கத்த வேண்டும். ஊரில் எல்லோரும் கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடுவார்கள். நம் நரி அதை ஒழிக்கப் பாடுபட்டது. தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் உதைதான் கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே நல்லவன்போலப் பேசியது.

"மகாராஜா, தாங்கள் ஒருமுறை கர்ஜித்தால் மலையே நடுங்குகிறது! அதற்கு முன்னால் என் ஊளை எதற்கு? அவமானம் அல்லவா?"

சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உண்மைதான்! இன்றோடு கட்டியக்காரன் பதவி ஒழிந்தது!"

நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. "அப்படியானால், வழக்கப்படி எனக்கு இறைச்சி..."

"சற்றுப் பொறும்!" என்று தொண்டையைச் செருமியது மந்திரி உண்ணிக்கொக்கு. "வழக்கத்துக்கு முன்பாதி ஒன்று உண்டு. வேலை ஒழிந்தவனுக்கு முதலில் காட்டுக்குள்ளேயே வேறு வேலை தேட வேண்டும். ஒன்றுமே அகப்படாவிட்டால்தான் இறைச்சி. நல்லவேளை, ஓர் இடம் காலியாக இருக்கிறது. நான் மந்திரியானதிலிருந்து எருமைகளுக்கு உண்ணி பொறுக்க ஆளில்லை!"

"ஐயோ! எனக்கு அலகு இல்லையே!"

"பல் இருக்கிறதே!"

"மாட்டேன் என்று சொன்னால்?"

"தானாகப் போனவனுக்கு ஒன்றும் கிடையாது. அது இரு கரைக்கும் பொது!"

"வடகரையில் நான் உழைத்த காலத்துக்காவது ஏதாவது கிடைக்காதா?"

"அது வடகரையிலேயே நிற்கும்!" என்று கொக்கு இறகை உதறியது.

மறுநாள் நரி ஓர் எருமையின் வயிற்றுக்கடியில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு உண்ணிகளைக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தது. மைனா பறந்து வந்து கொம்பில் உட்கார்ந்தது.

"அடிப்பாவி! வேறு வேலை கொடுப்பார்கள் என்று ஏன் சொல்லவில்லை?" என்று சீறியது நரி.

"என்ன தருவார்கள் என்று கேட்டாய், சொன்னேன். எப்போது தருவார்கள் என்று நீ கேட்டாயா?"

"பேச்சை அப்புறம் வைத்துக்கொள், தம்பி. கொஞ்சம் இடப்பக்கம்!" என்றது எருமை.

அயல்நாட்டுச் சலுகையை மட்டும் கேட்டுக்கொண்டு அதன் நிபந்தனையைக் கேளாதவர், சொந்த நாட்டில் கிடைக்கவிருந்ததையும் இழப்பர்.