ஐப்பசியில் ஏறிய நட்சத்திரம்

பறவையும் மனிதனும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கிறிஸ்துமஸ் எப்போது வருகிறது என்று கடற்கரை ஊர்களில் யாரும் காலண்டரைப் பார்த்ததில்லை. ஏது காலண்டர்? கடைதான் சொல்லும். கார்த்திகை மழை வெறித்து வாசல் ஈரம் காய்ந்ததும், ஊரில் உள்ள கடைக்காரர்கள் ஒரே நாளில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு வைத்து, மூங்கில் கழியில் தூக்கிக் கட்டுவார்கள். ஏறிவிட்டால் பண்டிகைக் காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். ஏறிய நட்சத்திரத்தை, பண்டிகை கழிந்து பன்னிரண்டாம் நாள் வருகிற மூன்று ராசாக்கள் திருநாள் வரை இறக்கக் கூடாது. இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

நட்சத்திரம் ஏறியதுமே ஆலா கிளம்பிவிடும். ஆலா என்றால் கடல்மேல் ஓயாமல் அலைகிறதே, அந்த வெள்ளைப் பறவைதான். இக்கரையில் கண்டதை அக்கரையில் போய்ச் சொல்வது அதற்கு வேலை. கடைக்காரர் வீட்டுப் பெண்களை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 'உங்க அப்பா கடையில் நட்சத்திரம் ஏறிட்டு' என்று ஆலா சொன்னால் அந்தப் பெண் தோணி ஏறலாம். மற்ற நாளில் எந்த மாமியார் அனுப்புவாள்?

கருப்பட்டியும் தூண்டில் முள்ளும் விற்ற கயித்தானுக்குப் பெண்சாதி இல்லை. ஒரே மகள் பிலோமி. அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மனுஷன் ஒரு நிலையில் இல்லை. உப்பு கேட்டவர்களுக்குச் சீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களுக்கென்ன.

ஒரு வருஷம் ஐப்பசியில் அடைமழை. கடைக்கு ஈ காக்கை வரவில்லை. கயித்தான் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிள்ளையை இப்போதே பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. அதோடு ஒரு கணக்கும் போட்டார். மகள் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்துதானே திரும்புவாள்? நட்சத்திரம் முன்னால் ஏறினால் முன்னால் வருவாள், கூட நாள் இருப்பாள். பரணிலிருந்து நட்சத்திரத்தை எடுத்தார். நனையாமல் இருக்க மேலே பனையோலையைக் கவிழ்த்து, கழியில் ஏற்றிவிட்டார்.

ஆலா வந்து கூரையில் உட்கார்ந்தது.

"என்ன கயித்தான், மழை இன்னும் பாதிகூடப் பெய்யல. இப்பவே ஏத்திட்டீரு?"

"நீ போய்ச் சொல்லு."

"பொய்ச் சேதி நான் கொண்டுபோறதில்ல."

"இதுல என்ன பொய்? ஏறியிருக்கா, இல்லையா? கண்ணால பாத்ததைச் சொல்லு, போதும்."

ஆலா பார்த்தது. ஏறித்தான் இருந்தது. மழையோடு பறந்துபோயிற்று.

பிலோமி தொப்பலாக நனைந்து தோணியிலிருந்து இறங்கினாள். "என்னப்பா இது, பண்டிகை நம்ம ஊருக்கு மட்டும் ஓடி வந்துட்டா?" என்று சிரித்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா? அவள் கடையில் உட்கார்ந்தாள், உப்பு உப்பாகவே போயிற்று. அச்சுமுறுக்கு சுட்டாள். அப்பனுக்குத் தலை துவட்டிவிட்டாள். மழை பெய்தது, பெய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் அவள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மக்ளே கிளம்புத?"

"பிறை தேஞ்சு போச்சுல்லாப்பா. ஒரு பிறை வளந்து தேயுற மட்டும்தான் மாமி விடுவாங்க."

"மூணு ராசாக்கள் திருநாள் வரைக்கும்னுல்லா வழக்கம்?"

"எப்பவும் அந்தப் பிறைக்குள்ள எல்லாத் திருநாளும் வந்துரும். அதான் உங்களுக்குத் தெரியல."

கயித்தான் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். கரைவரை போய் ஏற்றிவிட்டு வந்தார். பண்டிகை பிறகுதான் வந்தது. மற்ற கடைக்காரர்களின் பெண்களெல்லாம் புதுச்சேலை கட்டிக் கோயிலில் நின்றார்கள். கயித்தான் தூணோரம் தனியாக நின்றார். குடிலில் கிடந்த பாலனைக் கும்பிடக்கூட அன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருஷம் பொறுத்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் பக்கத்துக் கடை ஞானப்பூ இருந்தாளே, அவள் ஆவணி பிறந்ததுமே ஏற்றிவிட்டாள். கயித்தான் பதறிப்போனார்.

"வேண்டாம் தங்கச்சி. பண்டிகையன்னைக்குப் பிள்ளை இருக்காது."

"இல்லாட்டிப் போகுது அண்ணாச்சி. எனக்கு இப்ப அவ மூஞ்சியப் பாக்கணும். நீங்க போன வருஷம் பாத்தீங்கல்லா?"

கயித்தான் தம் கடைக்குத் திரும்பினார். இவளைப் பார்த்து அடுத்த ஊர்க் கடைக்காரர் புரட்டாசியிலேயே ஏற்றினார். அவரைப் பார்த்து இன்னொருவருக்கு ஐப்பசியில் கை அரித்தது. ஆலா பாவம், சிறகு ஓய ஓய அக்கரைக்கும் இக்கரைக்கும் பறந்தது. முதலில் இரண்டொரு பெண்கள் வந்தார்கள். பிறகு மாமியார்கள் விழித்துக்கொண்டார்கள். "புரட்டாசியில என்ன பண்டிகை? இது புளுகுப் பறவை" என்று துரத்தி அடித்தார்கள்.

மழை வெறித்தது. வாசல் ஈரம் காய்ந்தது. ஒரு வருஷமாக அடக்கிவைத்த ஆசையோடு கயித்தான் தம்முடைய நட்சத்திரத்தைச் சரியான நாளில் ஏற்றினார். ஆலா போயிற்று. கயித்தான் கரையிலேயே நின்றார். போன வேகத்தில் ஆலா திரும்பி வந்தது.

"சொன்னேன் கயித்தான். நம்பல. உம்ம மக வாசல்ல நின்னு கேட்டுட்டுதான் இருந்தா. 'இப்பச் சொல்றது நிசம் மாமி'ன்னு அழுதா. கதவைச் சாத்திட்டாங்க."

"இன்னும் ஒரேயொரு தடவை போயேன்."

"மாட்டேன். நிசத்தைச் சொல்லியும் கல்லெறி வாங்கிட்டேன். இனி என் வாயால சேதி வராது."

சொன்னபடியே செய்தது. இன்றைக்கு ஆலா கத்துகிறது, பேசுவதில்லை. அந்த வருஷம் பண்டிகைக்குப் பிலோமி வரவில்லை. ஞானப்பூவின் மகளும் வரவில்லை.

மறு வருஷம் மழைக்கு மேகம்கூடக் கட்டவில்லை. கயித்தான் முக்காலி போட்டு ஏறி நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஞானப்பூ கடையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஆலாதான் போறதில்லையே அண்ணாச்சி. யாருக்குச் சொல்ல இப்பவே ஏத்துதீய?"

கயித்தான் திரும்பவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"சேதி சொல்ல ஆளில்ல தங்கச்சி. இனி இந்த வெளிச்சம் தனியாத்தான் கடலத் தாண்டிப் போயி அவ வாசல்ல நிக்கணும். அதுக்கு நாளாகும்லா?"

ஞானப்பூ உள்ளே போனாள். பரணிலிருந்து தன் நட்சத்திரத்தை எடுத்தாள்.

மழைக்கு முன்னாலேயே கடைகளில் நட்சத்திரம் தொங்குவதும், காரணம் தெரியாத நாம் 'வியாபார ஆசையைப் பார்' என்று முணுமுணுத்துக்கொண்டு போவதும் அன்று முதல்தான்.