நடையைப் பார்த்தே சொல்லும் சார்

அட, இந்தக் கூத்தைக் கேளுங்க! திண்டுக்கல் பக்கம் ஒரு காலேஜ்ல, விளையாடி அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பண்ணச் சொல்லிக்குடுக்க விக்டர் சார் புதுசா வந்தாரு. பெரிய கபடி டீம்ல பிசியோவா இருந்தவரு. வாய் அந்த டீமைவிடப் பெருசு.

"தொடவே மாட்டேன். நடையைப் பார்த்தே அடி எங்கன்னு சொல்லிடுவேன்!"

கடைசி பெஞ்சு அபிதா எந்திரிச்சா. "தொட்டுப் பார்க்காம எப்படி சார் தெரியும்?"

கிளாஸே ஆடிப்போச்சு! சார் முகம் செவந்துடுச்சு.

"என்னையே கேள்வி கேக்குறியா? என்னால சொல்ல முடியாத ஒரு காலைக் காட்டு பாப்போம். சரியாச் சொல்லிட்டேன்னா நீ இந்தக் கோர்ஸை விட்டே போயிடணும்!"

"சரி சார். என் காலையே பாருங்க."

அபிதா லேசா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து காட்டினா. சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சாரு.

"இடது கணுக்கால். லிகமென்ட் கிழிஞ்சு உள்ள நல்லா வீங்கியிருக்கு. தினமும் ஐஸ் வை. போ, பையை எடு!"

அபிதா ஸ்டூல்ல உக்காந்தா. பேண்ட்டைச் சுருட்டினா. இடது முழங்காலுக்குக் கீழ மாட்டியிருந்த செயற்கைக் காலை, ஷூவோட அப்படியே கழட்டி அவர் மேஜை மேல வச்சா.

அய்யய்யோ, சார் ரெண்டடி பின்னாடி போயிட்டாரு!

"ஐஸை இதுல எந்தப் பக்கம் சார் வைக்கணும்?"