காத்தாயி கேட்டு வாங்கிய ஒரு வருடம்

ஆடும் ஓநாயும் மனிதரோடு வாய்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதக் குழந்தை பிறந்த அன்றே எழுந்து நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன? கன்றுக்குட்டி பிறந்த அன்றே எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வயது ஆகியும் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும் நம் பிள்ளையையும் பார்த்திருப்பீர்கள். இதென்ன ஓரவஞ்சனை என்று ஒருநாளாவது கேட்டிருப்பீர்கள். ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. நாமாகக் கேட்டு வாங்கியது. கேட்டவள் ஒரு தாய்.

அப்போதெல்லாம் பிள்ளை பிறந்ததும் துடைத்துத் தரையில் விடுவார்கள். பாதம் பட்டதுமே மண் அதற்குக் கால்வலுவைக் கொடுத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கும் அப்படித்தான், மனிதக் குட்டிக்கும் அப்படித்தான். குழந்தை நாலு தரம் விழுந்து எழுந்து, முதலில் பால் கொடுத்தவர் யாரோ அவர் பின்னாலேயே ஓடும். தொட்டில் கிடையாது. தூக்கி வைத்துக்கொள்வதும் கிடையாது. இடுப்பு எதற்காக இருக்கிறது என்றே அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது.

காத்தாயியும் அவள் புருஷன் சடையனும் செம்மறி ஆடு மேய்க்கிறவர்கள். ஊரை விட்டு வெகுதூரத்தில் ஒரு மேய்ச்சல் காட்டில் ஆட்டுப் பட்டியும் ஒரு குடிசையும் போட்டுத் தங்கியிருந்தபோது காத்தாயிக்கு வலி கண்டது. விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பெற்ற கையோடு அவள் மயங்கிவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை. குழந்தையோ பாலுக்கு வீறிட்டது. சடையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதே விடியலில் பட்டியில் இன்னொரு பிரசவமும் நடந்திருந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள ஆடு ஒன்று, சுட்டி என்று பெயர், செத்த குட்டியைப் போட்டிருந்தது. மடி கனத்துத் தொங்க, அசையாமல் கிடந்த குட்டியை முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருந்தது.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாயை இழந்த குட்டியை, குட்டியை இழந்த ஆட்டிடம் சேர்ப்பார்கள். சும்மா கொண்டுபோய் விட்டால் ஆடு முட்டித் தள்ளிவிடும். அதனால் அந்த ஆடு ஈன்றபோது வந்த நீரை வழித்து, குட்டியின் உடம்பு முழுக்கப் பூசுவார்கள். ஆடு முகர்ந்து பார்க்கும். தன் வாடை அடிக்கும். நக்கிக் கொடுத்துப் பால் கொடுக்கும். சடையனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதைத் தன் பிள்ளைக்கே செய்தான், புத்திசாலி!

சுட்டி முகர்ந்து பார்த்தது. “என் குட்டிதான்” என்றது. பிறகு பின்பக்கம் பார்த்துவிட்டு, “வாலு எங்க?” என்று கேட்டது.

“பிறவியிலேயே இல்ல. நீ பாலக் குடு” என்றான் சடையன்.

“பாவம்” என்று சொல்லி, சுட்டி கூடுதலாக இரண்டு நக்கு நக்கியது. குழந்தை மடியைக் கவ்விக்கொண்டது. சடையன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, பெண்டாட்டிக்குக் கஞ்சி காய்ச்சப் போனான்.

உச்சி வெயிலில் காத்தாயி கண் விழித்தாள். “எம்புள்ள எங்கய்யா?” என்றாள். அவன் பெருமையாக வெளியே கையைக் காட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள். சுட்டி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே, அது நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து, அவள் பெற்ற குழந்தை போய்க்கொண்டிருந்தது.

“அடியே தங்கம், இங்க வாடி” என்று இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது. நட்டுவைத்த கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அவள் கிட்டே போனதும் அலறிக்கொண்டு ஆட்டின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பத்து மாதம் சுமந்தவளைப் பார்த்துப் பிள்ளை ஓடி ஒளிந்தால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

“என் குட்டியப் பயமுறுத்தாத” என்றது சுட்டி.

“உன் குட்டியா? நான் பெத்தவ!”

“பெத்தேன்னு வாயால சொன்னா ஆச்சா? மோந்து பாரு. உன் வாடையா, என் வாடையா?”

காத்தாயி குனிந்து குழந்தையின் தலையை முகர்ந்தாள். ஆட்டுக்குட்டி வாடைதான் அடித்தது. மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். என்ன செய்தான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவளும் ஆடு மேய்க்கிறவள்தானே.

குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். சடையன் பின்னாலேயே ஓடினான். “வேணாம் புள்ள! கழுவுனா ஆடு சேக்காது. பாலுக்கு என்ன பண்ணுவ? ரெண்டு நாளு போகட்டும்.”

“ஆடு சேக்காட்டிப் போகுது. நான் சேத்துக்கிறேன்” என்றாள் அவள். குழந்தை கத்தக் கத்தத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் கழுவினாள். ஆட்டு வாடை ஒரு பொட்டு இல்லாமல் போயிற்று.

கையை விட்டதும் குழந்தை நேரே சுட்டியிடம் ஓடியது. சுட்டி முகர்ந்து பார்த்தது. “யாரு இது?” என்று கேட்டது. கேட்டுவிட்டு ஒரே முட்டு. குழந்தை உருண்டு விழுந்தது. எழுந்து மறுபடியும் ஓடியது. மறுபடியும் முட்டு. மூன்றாம் தடவை நெற்றியில் ரத்தம் வந்தது. சுட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதற்கு மூக்கு சொல்வதுதான் உண்மை. காலையில் இருந்த குட்டியைக் காணோம் என்று கத்திக்கொண்டே அது மந்தையோடு போய்விட்டது.

இனி என்ன, குழந்தை தாயிடம் வந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? காத்தாயியும் அப்படித்தான் நினைத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து மார்பைத் திறந்து காட்டி, “வாடி என் ராசாத்தி” என்றாள். குழந்தை அவளைத் தாண்டி நடந்து போயிற்று. நாலு காலில் நடப்பது எதுவோ அதுதான் அம்மா என்று அதன் மனதில் பதிந்துவிட்டது. பசியோ பசி. நாலு காலைத் தேடி மேட்டுப் பக்கமாகத் தட்டுத் தடுமாறிப் போயிற்று.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு காலில் ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. ஓநாய். குழந்தை அதன் பின்னால் போயிற்று.

பிள்ளையைத் துரத்தி வந்த காத்தாயி அதைப் பார்த்தாள். “ஐயோ, எம்புள்ள!” என்று கத்தினாள். ஓநாய் ஓடவில்லை. பல்லையும் காட்டவில்லை. சாவகாசமாகத் திரும்பிப் பார்த்து மரியாதையாகத்தான் பேசியது.

“தாயி, நான் தூக்கிட்டுப் போகல. அதுவா வருது. தேடி வர்ற புள்ளைய வேணாம்னு எப்படிச் சொல்றது? என் குகையில நாலு குட்டி பசியா இருக்கு.”

கல்லை எடுத்துக்கொண்டு வந்த சடையன் ஓங்கிய கையோடு நின்றுவிட்டான். குழந்தை ஓநாயின் வாலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. எறிந்தால் பிள்ளை மேல் படும். காத்தாயியோ காலையில் பிரசவித்த உடம்போடு பத்தடி ஓடினாள், கால் மடங்கி விழுந்தாள். எழுந்தாள், விழுந்தாள். குழந்தையின் பிஞ்சுக் கால்கள் மட்டும் தளரவில்லை. மண் கொடுத்த வலு அல்லவா?

விழுந்த இடத்திலேயே காத்தாயி இரண்டு கையாலும் மண்ணை அறைந்தாள்.

“மண்ணே! நீ குடுத்த கால எடுத்துக்க!”

பிறந்த உயிர்களுக்குக் கால் கொடுத்தே பழகியது மண். எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை. “என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா, பெண்ணே?” என்றது.

“தெரிஞ்சுதான் கேக்குறேன். எம்புள்ள கால எடுத்துக்க!”

“உன் பிள்ளைக்கு மட்டும் என்று எனக்கு ஆள் பார்த்து எடுக்கத் தெரியாது. எடுத்தால் இனிப் பிறக்கும் மனிதப் பிள்ளை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எடுப்பேன்.”

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். “அடிப்பாவி! பெத்தவளே புள்ளைய முடமாக்கச் சொல்றியே!” ஓநாய்கூட நடையை நிறுத்தி வாயைப் பிளந்து பார்த்தது. அதுவும் குட்டி போட்டு வளர்ப்பதுதான். இப்படி ஒரு தாயை அது கண்டதில்லை.

“எடுத்துக்க” என்றாள் காத்தாயி.

மண் எடுத்துக்கொண்டது. குழந்தையின் கால் இரண்டும் நனைந்த துணியாகத் துவண்டன. இடுப்பு துவண்டது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. நடந்து போன பிள்ளை சுருண்டு தரையில் கிடந்தது. அது விழுந்தது தெரியாமல் ஓநாய் மறுபடி நடந்து நாலடி முன்னால் போயிருந்தது. அந்த நாலடி போதும். சடையன் எறிந்த கல் ஓநாயின் விலாவில் பட்டது. இன்னொரு கல்லுக்கு அது காத்திருக்கவில்லை.

காத்தாயி தவழ்ந்து போய்ப் பிள்ளையை எடுத்தாள். நிற்க வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. உட்கார வைத்தாள், உட்காரவில்லை. தலையை விட்டால் தலை பின்னால் தொங்கியது. தான் செய்ததன் கொடுமை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓவென்று அழுதாள்.

“மண்ணே, திருப்பித் தருவியா?”

“எப்போது தரவேண்டும்?”

“என் முகம் அதுக்குத் தெரிஞ்ச பிறகு.”

“முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாதங்களைத்தான் எனக்குத் தெரியும்” என்றது மண். “உன் பிள்ளை என் மேல் கிடக்கட்டும். உன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அது எந்தெந்த இடத்தால் என்னை அழுத்துகிறதோ, அந்தந்த இடத்துக்கு வலு தருகிறேன். அது கேட்காமல் நான் கொடுக்க மாட்டேன்.”

இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் ஊரில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் துவண்டே பிறந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட ஊர்ப் பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு காத்தாயியின் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒச்சம்மா. சடையனின் அக்காள். அவள் கையிலும் கழுத்து நிற்காத ஆண் குழந்தை ஒன்று.

“உன் ஒருத்திக்காக ஊருப் புள்ளைக எல்லாம் கெடையாக் கெடக்கணுமாடி?” என்று கேட்டாள்.

“மன்னிச்சிருங்க மதினி” என்றாள் காத்தாயி. வேறு என்ன சொல்வாள்? தன் பிள்ளைக்காவது கால் வருமா என்பதே அவளுக்குத் தெரியாது. பால் கொடுக்கும்போது முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு, “இதான் அம்மா, நல்லாப் பாத்துக்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். முதல் மாதம் முழுக்க அது அவளைத் தாண்டிக் கூரையைப் பார்த்தது. ஒருநாள் அவள் முகத்தில் பார்வையை நிறுத்தி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். குழந்தை தலையை மண்ணில் அழுத்தித் திருப்பி அவளைத் தேடியது. அன்றிலிருந்து கழுத்துக்கு வலு வந்தது.

பிறகு அவள் அடுப்பங்கரைக்குப் போனால் அவளைப் பார்க்கக் குப்புற விழுந்தது. நெஞ்சால் நீந்திற்று. உள்ளங்கையாலும் முழங்காலாலும் மண்ணைத் தட்டிக் கேட்டு, வாசற்படியைத் தாண்டியது. அன்றைக்குக் காத்தாயி கொழுக்கட்டை அவித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாள். கோபத்தில் இருந்தவர்களும் வாங்கித் தின்றார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதற்குள் தவழத் தொடங்கியிருந்தன அல்லவா!

ஒன்பதாம் மாதம் ஒச்சம்மா வந்து குழந்தையைத் தூக்கினாள். அது அவள் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. ஊரே கேட்கும்படி அலறிக்கொண்டு காத்தாயியிடம் தாவியது.

“என்னடி இது, அத்தையப் பேயப் பாத்த மாதிரி பாக்குறா?” என்று கேட்ட ஒச்சம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

காத்தாயி சிரித்துக்கொண்டே அழுதாள். “அழட்டும் மதினி. நல்லா அழட்டும். யாரு யாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு.”

ஒரு வருடம் நிறைந்த நாளில் குழந்தை உரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். காத்தாயி பத்தடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டினாள். குழந்தை உரலை விட்டது. அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி, வெட்டவெளியைப் பார்த்து நடந்தது.

ஓர் அடி. இரண்டு அடி. ஒச்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீட்டிய காத்தாயியின் கை நீட்டியபடியே நின்றது. ஒரு வருடம் முகத்தைக் காட்டிக் காட்டி வளர்த்தும் போகிறதே!

நாலாவது அடியில் குழந்தை நின்றது. தள்ளாடிக்கொண்டே திரும்பியது. கூட்டத்தில் அத்தனை முகம் இருந்தும் ஒன்றிலும் நிற்காமல் தேடி, காத்தாயியின் முகத்தைக் கண்டுபிடித்தது. அங்கேதான் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டது. சிரித்தது. மறுபடியும் திரும்பி நடந்தது.

“தூக்கு புள்ள, போயிருவா!” என்று சடையன் பதறினான்.

“போகட்டும்யா” என்றாள் காத்தாயி. “திரும்பிப் பாக்குறா.”

மனிதக் குழந்தை நடப்பதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்வது அன்று முதல்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளை நாலடி போனதும் நின்று, தாயின் முகம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு மேலே போவதும் அன்று முதல்தான்.