குளவியின் துடுப்புத் துளைகள்

முதலில் அறிய வேண்டியவை சில. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் சிறிய போர்க்கப்பல்கள் சிலவற்றுக்குப் பாய்களோடு துடுப்புகளும் உண்டு. துடுப்பு நுழையும் துளைகள் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும். பீரங்கிகளோ எந்தக் கப்பலிலும் பெரும்பாலும் பக்கவாட்டையே பார்க்கும்.

‘குளவி’ அத்தகைய கப்பல். பீரங்கிகள் பத்து.

குடாவின் வாயிலை முப்பது பீரங்கிகள் கொண்ட கொள்ளைக் கப்பலொன்று அடைத்து நின்றது. உள்ளே மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் ஒன்பது நாள். அடுப்பு எரியாமல் மூன்று நாள். விரட்டும் ஆணை குளவிக்கு வந்தது.

பெரிய கப்பல்களிலேயே தலை நரைத்தவர் ஜெர்வஸ். குளவிக்குத் தலைவராகி ஒரு மாதமே ஆகியிருந்தது. தம் வயதில் பாதிகூட நிரம்பாத கப்பல் தச்சன் பென்ரோவிடம், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார்:

“ஆசாரி, இந்தத் தோணியை வைத்துக்கொண்டு எப்படிப் போரிடுவது? என் பழைய கப்பலில் இதைப் படகென்று கட்டித் தொங்கவிட்டிருப்போம். இன்னும் நான்கு பீரங்கிகள் கேட்டு மனு எழுதியிருக்கிறேன்.”

தச்சன் கயிற்றைப் பற்றி இறங்கினான். கப்பலின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தான். கோடு துடுப்புத் துளைகளின் நடுவே ஓடியது.

“என்ன அது?”

“நீங்கள் கேட்ட நான்கும் வந்தபின் தண்ணீர் நிற்கும் இடம், தலைவரே.”

“துளைகளை அடைத்துவிடு. துடுப்பு வலிக்க நாம் என்ன பரிசல்காரரா?”

“அடைக்கிறேன். காற்றுக்கும் ஒரு மனு எழுதிவிடுங்கள்.”

ஜெர்வஸுக்கு முகம் சிவந்தது. காற்றை அறிய மேலே பார்த்தார்.

கொடி துவண்டு கிடந்தது. தொலைவில், கொள்ளைக் கப்பலின் பாய்களும் அவ்வாறே துவண்டிருந்தன.

குனிந்து துடுப்புத் துளைகளைப் பார்த்தார்.

“ஆசாரி, துடுப்புகள் எத்தனை?”

“இருபது.”

“இருபத்தொன்றாக்கு. நானும் வலிக்கிறேன்.”

நடுப்பகலுக்குள் குளவி எட்டத்திலேயே சுற்றிச் சென்று, கொள்ளைக் கப்பலின் பின்புறத்துக்குத் தன் விலாவைக் காட்டி நின்றது. அந்தப் பின்புறத்தில் கண்ணாடிச் சாளரங்களே இருந்தன. ஒன்றிலிருந்து கொள்ளைத் தலைவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“அடே கிழவா! எத்தனை பீரங்கிகளோடு வந்தாய்? என்னிடம் முப்பது!”

“உன்னைப் பார்ப்பவை ஐந்து,” என்றார் ஜெர்வஸ். “என்னைப் பார்ப்பவை எத்தனை?”

சாளரத்திலிருந்த தலை சட்டென உள்ளே போனது.

பின்னர் உறுதியானவை: கொள்ளைக் கப்பலின் சுக்கான் மூன்றாம் குண்டில் உடைந்தது. அது சரணடைந்து கொடியை இறக்கும்வரை காற்று வீசவில்லை. மறுநாள் மீனவர் கடலுக்குச் சென்றனர். நான்கு பீரங்கிகள் கேட்ட மனு எவரிடமும் போய்ச் சேரவில்லை. முதல் குண்டு உருண்டு விழாதிருக்க, ஜெர்வஸ் அந்த மனுவைக் கசக்கித் தம் கையாலேயே பீரங்கியின் வாயில் திணித்திருந்தார்.