குருவிக்குக் காத்திராத கடமான்

ஒரு காட்டில் கடமான் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் நெடுங்கொம்பன். மற்ற மான்கள் எல்லாம் அதன் தோள் உயரம்தான். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் அதைத் தலைவனாக்கின.

கோடையில் ஓடைகள் வற்றிவிட்டன. மிஞ்சியது ஒரே குளம். அதில் ஒரு முதலை! அதனால் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்காட்டிக் குருவி குளத்தைச் சுற்றிப் பறந்து பார்க்கும். அது கரையில் இறங்கிச் சிறகை மடக்கினால் தண்ணீருக்குப் போகலாம். அதுவரை எல்லோரும் மருத மரத்தடியில் நிற்க வேண்டும். தலைவனும்தான்.

நெடுங்கொம்பனுக்கு இது பிடிக்கவே இல்லை. 'கையளவு குருவி எனக்கு உத்தரவு போடுவதா?' என்று உள்ளுக்குள் பொருமும். போதாக்குறைக்குக் குட்டைக்கொம்பன் என்ற மான் செந்நாய்களை முட்டி விரட்டியிருந்தது. கூட்டத்தில் எப்போதும் அந்தப் பேச்சுதான். அந்த எரிச்சல் வேறு.

ஒரு நாள் வெயில் கொளுத்தியது. "சற்றுப் பொறுங்கள்! என் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும் போலிருக்கிறது. நனைத்துவிட்டு வந்து பார்க்கிறேன்!" என்று ஆட்காட்டி கத்திக்கொண்டே பறந்தது.

நேரம் போனது.

"அண்ணே, நாக்கு ஒட்டிக்கொள்கிறது!" என்றது ஒரு மான்.

"இவர் நமக்குத் தலைவரா, இந்த மரத்துக்குக் காவல்காரரா?" என்றது இன்னொன்று.

"குட்டைக்கொம்பனைக் கேட்போமா?"

அது நெடுங்கொம்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. "யாரையும் கேட்க வேண்டாம்! நானே பார்க்கிறேன்!"

"வேண்டாம் அண்ணே, குருவி வரட்டும்," என்றது குட்டைக்கொம்பன்.

"உன்னை யார் கேட்டது?"

நெடுங்கொம்பன் குளத்தைச் சுற்றி வந்தது. தலையைத் தூக்கியே நடந்ததால், காலடியில் சேற்றோடு சேறாகக் கிடந்த முதலையின் மூக்கைப் பார்க்கவில்லை. "பயமில்லை, வாருங்கள்!" என்று முழங்கியது.

முதலில் இறங்கிய செவலை என்ற பெண்மானின் காலை முதலை கவ்வியது! கரையோரம் நின்ற நெடுங்கொம்பன் துள்ளி மேட்டில் ஏறிவிட்டது. குட்டைக்கொம்பன் பாய்ந்து முதலையின் கண்ணில் முட்டியது. பிடி விட்டது. செவலை நொண்டியபடி உயிரோடு வெளியே வந்தது.

ஆட்காட்டி அலறிக்கொண்டு வந்தது. "என்ன செய்தீர் தலைவரே?"

"நானா? இவர்கள்தான் அரித்தெடுத்தார்கள்! நீயும் நேரத்துக்கு வரவில்லை!"

"கவ்வினது முதலை. வா என்று கூப்பிட்டது நீர்," என்றது செவலை. "முதலில் அதைச் சொல்லும்!"

"எல்லாம் கூட்டத்தின் நன்மைக்காக..."

அதற்கு மேல் கேட்க யாரும் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகப் போய்க் குட்டைக்கொம்பனின் பின்னால் நின்றன.

மறுநாள் மாலை குட்டைக்கொம்பன் மரத்தடியில் அசையாமல் நின்றது. குருவி இறங்கிச் சிறகை மடக்கியது. எல்லாம் குடித்தன. நெடுங்கொம்பன் கடைசியாக வந்தது. கோபமாகத்தான் குனிந்தது. ஆனால் தண்ணீர் குளிர்ந்திருந்தது. காவல் கவலை இல்லாமல் வயிறாரக் குடிப்பது அதற்கு அதுதான் முதல் முறை.

பக்கத்தில் செவலை.

"தப்பு என்னுடையதுதான்," என்றது நெடுங்கொம்பன், தண்ணீரைப் பார்த்தபடி.

"இதை நேற்றே சொல்லியிருந்தால்..."

"குடிக்க விடேன், அம்மா!"

செவலை சிரித்துக்கொண்டே சற்று நகர்ந்து இடம் விட்டது.

கிடைத்த பதவியில் நிலைக்க உயரம் போதாது. சைகைக்குக் காத்திருக்கும் பொறுமையும், தவறினால் பிறரைக் காட்டாமல் ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும்.