செவலைப் பசுவும் சோளத் துளிரும்

ஒரு குட்டையை ஒட்டி ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. அங்கே செவலை என்ற பசுவும், அதன் கன்று சிட்டுவும், கருப்பாயி என்ற எருமையும், வெள்ளச்சி என்ற ஆடும் மேய்ந்துவந்தன.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. புல் வேர்வரை காய்ந்துவிட்டது. நாலு மாதமாகக் கதிர் அறுத்துக் காயவைத்த சோளத்தட்டுதான் சாப்பாடு. மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். செவலையின் மடியில் பால் சுண்டிப்போனது. சிட்டு முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பும். அதைப் பார்க்கச் செவலைக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ஒரு பாட்டம் மழை பெய்தது. நாலைந்து நாள் கழித்து, வேலியில் முதுகு சொறிந்துகொண்டிருந்த செவலைக்கு ஒரு சந்து தெரிந்தது. எட்டிப் பார்த்தது. அடேயப்பா! அறுவடை முடிந்த சோளக்காட்டில் கட்டைகள் எல்லாம் துளிர்த்து, குளம்பு மறையும் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றன!

செவலை நல்ல பசுதான். ஆனால் சாப்பாடு என்று வந்துவிட்டால் கொஞ்சம் அற்ப புத்தி. 'அந்தக் கருப்பாயி வாயை வைத்தால் ஒரே நாளில் காடே காலியாகிவிடுமே!' என்று நினைத்தது.

அதற்குள் வெள்ளச்சி மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பக்கம் பச்சை வாசம் அடிக்குதே!"

"ஐயையோ, அங்க போயிடாதே! அது சோளத் துளிரு. அத்தனையும் விஷம்!"

"நாலு மாசமா சோளத்தட்டைத்தானே தின்னுட்டிருக்கோம்? நமக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டது பின்னாலேயே வந்த கருப்பாயி.

செவலை வாய்க்கு வந்ததை அளந்துவிட்டது.

"காஞ்சது வேற, துளிரு வேற! வெயில்ல வாடின கட்டை மழைக்குத் துளிர்த்தா அதுல விஷம் ஏறும். எங்கம்மா சொல்லியிருக்கா!"

செவலையின் அம்மா அப்படி எதுவும் சொன்னதில்லை. கருப்பாயிக்கு அது தெரியுமா?

"நல்லவேளை சொன்னே செவலை! நீ சொல்லாட்டி நான் வாயை வெச்சிருப்பேன்!" என்று நன்றியோடு சொல்லிவிட்டுப் போனது.

செவலை சிட்டுவின் காதோரம் குனிந்தது.

"அவங்ககிட்ட சும்மா சொன்னேன் கண்ணு. வெல்லமாட்டம் இனிக்கும்! நான் முன்னாடி போறேன். எல்லாரும் படுத்ததும் நீ சத்தமில்லாம வந்துடு!"

மதியம் எல்லோரும் நிழலில் கண் அயர்ந்தார்கள். செவலை சந்தில் நுழைந்தது. எத்தனை நாள் பசி! மெல்லக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. வாயில் நுரை தள்ளியது. கால்கள் பின்னிக்கொள்ள, அப்படியே சாய்ந்துவிட்டது.

வேலிச் சந்தில் சிட்டுவின் தலை தெரிந்தது.

"வராதே சிட்டு! இது விஷம்!"

சிட்டு சிரித்தது. "இங்க நான் மட்டும்தான் இருக்கேன் அம்மா! என்கிட்ட எதுக்குப் பொய்?"

"நிஜமாவே விஷம் கண்ணு!"

"காலையிலயும் இப்படித்தான் சொன்னே!"

செவலை எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. சிட்டு துள்ளிக் குதித்து வந்து துளிரை நோக்கிக் குனிந்தது.

அப்போது வேலியே சரிவதுபோல் ஒரு சத்தம். கருப்பாயி! கண் விழித்த கருப்பாயி, வேலியில் கன்றின் வால் மறைவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தது. வந்த வேகத்தில் சிட்டுவை நெற்றியால் முட்டித் தள்ளியது.

"விடு பெரியம்மா! விஷமெல்லாம் பொய்யி! அம்மாவே சொன்னா!"

"உங்கம்மா பொய் சொல்லமாட்டா! நட வெளியே!"

கன்றை வெளியே தள்ளிவிட்டு, கருப்பாயி காடே அதிரக் கத்தியது. மேய்க்கிற நாச்சிமுத்து ஓடி வந்தார். மாட்டு டாக்டர் அன்று பக்கத்துத் தோட்டத்தில் ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஓடி வந்து, "வாடின சோளக்கட்டை மழைக்குத் துளிர்த்தா அது விஷமாச்சே!" என்றபடி செவலையின் நரம்பில் மருந்தை ஏற்றினார். சாயங்காலம் செவலை தட்டுத்தடுமாறி எழுந்து நின்றது.

"எங்களுக்கு அவ்வளவு சொல்லிட்டு, பசி தாங்காம நீயே வாயை வெச்சுட்டியே, பாவம்!" என்று கருப்பாயி அதன் முகத்தை நக்கிக்கொடுத்தது.

அந்தப் பரிவைச் செவலையால் தாங்க முடியவில்லை. "நான் சொன்னது பொய் அக்கா. உங்களுக்குப் பங்கு குடுக்க மனசில்லாம சொன்னேன்" என்று தலை குனிந்தது.

கருப்பாயி நக்குவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது. "அடிப்பாவி!" என்றது. பிறகு சிட்டுவைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டது.

பங்கு கொடுக்க மனமில்லாமல் பொய் சொன்னால், உண்மையைச் சொல்லித் தீர வேண்டிய நேரத்தில் நாம் பெற்ற பிள்ளைகூட நம்மை நம்பாது.